சுமாகோ: மலையோடு சேர்த்துக் காக்கப்பட்ட தெரு

ஓர் ஊரின் வரலாற்றை ஏட்டிற் படிப்பதுண்டு. அவ்வூரின் தெருவிற் படிப்பதும் உண்டு. ஏடு பெரும்பாலும் அரசர்களையும் போர்களையும் பற்றிப் பேசும். தெருவோ, அங்கு வாழ்ந்தோர் எவ்வாறு உறங்கினர், வழிப்போக்கரை எவ்வாறு வரவேற்றனர், எவருக்கு அஞ்சினர் என்பவற்றைக் காட்டும். ஏட்டைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றிவிடலாம். தெருவை அவ்வாறு பூட்டிவைத்தல் இயலாது. அதில் மக்கள் வாழவேண்டும்; கூரை ஒழுகினால் மாற்றவேண்டும்; பிள்ளைகள் வளர்ந்து தொழில் தேடவேண்டும். வாழ்வதற்கும் காப்பதற்கும் இடையே எழும் இந்த இடர்ப்பாட்டை யப்பான் நாட்டின் மலையூர் ஒன்று எதிர்கொண்ட விதம் அறிந்துகொள்ளத் தக்கது. அவ்வூரின் பெயர் சுமாகோ.

யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்சூவின் நடுப்பகுதியில் நாகானோ மாகாணம் உள்ளது. அம்மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், கிசோ ஆறு மலைகளை அறுத்துக்கொண்டு ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலே, நாகிசோ என்னும் சிறு நகராட்சி இருக்கின்றது. அருகருகே இருந்த மூன்று கிராமங்கள் 1961 ஆம் ஆண்டில் இணைந்தமையால் உண்டானது இது. பெயரளவில் நகராட்சியேயாயினும், இதன் நிலப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காடு. மக்கள் தொகையோ சுமார் 4,000 மட்டுமே. அந்நகராட்சிக்குட்பட்ட பழைய வழித்தங்கல் ஊரே சுமாகோ. கடல்மட்டத்திலிருந்து சுமார் 420 மீற்றர் உயரத்தில், அரராகி என்னும் சிற்றாற்றின் ஓரமாக, ஒரே ஒரு நெடுந்தெருவாக அது நீண்டு கிடக்கின்றது. தெருவின் இருமருங்கும் மரவீடுகள். வீடுகளின் பின்னே சிறு வயல்களும் தோட்டங்களும். அவற்றுக்கு அப்பால் எழுந்து நிற்கும் மலைகள். 1,679 மீற்றர் உயரமுள்ள நாகிசோ மலையும் அவற்றுள் ஒன்று. இலையுதிர் காலத்தில் அம்மலைச் சரிவுகள் செம்மையும் பொன்மையுமாக மாறும். மாரியில் வெண்பனி போர்த்துக்கொள்ளும்.

இத்தகைய மலையிடுக்கில் ஒரு தெரு ஏன் தோன்றியது? அதற்கு விடை, அவ்வூரின் ஊடாகச் செல்லும் பாதையிலே இருக்கின்றது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொக்குகாவா வமிசத்தார் யப்பானின் ஆட்சியைக் கைப்பற்றி, இன்று தோக்கியோ எனப்படும் எடோவைத் தம் தலைமையிடமாக்கினர். சக்கரவர்த்தி வாழ்ந்த கியோத்தோவையும் எடோவையும் இணைப்பதற்கு இரண்டு பெருவழிகள் இருந்தன. ஒன்று கடலோரமாகச் சென்றது. மற்றையது மலைகளின் ஊடே சென்ற நாக்கசெண்டோ. மலைகளின் நடுவே செல்லும் வழி என்பதே அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 530 கிலோமீற்றர் நீளமான அவ்வழியில் 69 வழித்தங்கல் ஊர்கள் அமைக்கப்பட்டன. எடோவிலிருந்து எண்ணினால் 42ஆவது தங்கல் சுமாகோ. கிசோ பள்ளத்தாக்கில் மட்டும் 11 தங்கல்கள் இருந்தன.

வழித்தங்கல் என்பது வெறும் சத்திரம் அன்று. அரசாங்கத்தின் தபாலையும் பொருள்களையும் அடுத்த தங்கல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவ்வூராரின் கடமை. அதற்காக நாக்கசெண்டோவின் தங்கல்கள் 50 சுமையாட்களையும் 50 குதிரைகளையும் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்பது பொதுவிதி. கிசோ பள்ளத்தாக்கின் வறுமையையும் பாதையின் கடுமையையும் கருதி, அங்கு அத்தொகை 25 ஆட்களும் 25 குதிரைகளுமாகக் குறைக்கப்பட்டிருந்தது. நாட்டின் சிற்றரசர்கள் குறித்த காலந்தோறும் எடோவுக்குச் சென்று தங்கவேண்டுமென 1635 ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. அதன்பின் அச்சிற்றரசர்கள் பரிவாரங்களோடு இவ்வழியால் வருவதும் போவதுமாயினர். 1861 ஆம் ஆண்டில், எடோவின் ஆட்சித் தலைவரை மணப்பதற்காகச் சக்கரவர்த்தியின் தங்கையாகிய கசுநோமியா இளவரசி பெருங்கூட்டம் புடைசூழ இம்மலைவழியாலேயே சென்றார்.

வருவோரின் தரத்திற்கேற்பத் தங்குமிடங்களும் வகுக்கப்பட்டிருந்தன. சிற்றரசர்கள் தங்குவதற்கு ஊரின் முதற்குடும்பத்தாருடைய தலைமைத் தங்கல்மனை. அது நிறைந்துவிட்டாற் பயன்படுத்துவதற்குத் துணைத் தங்கல்மனை. பொதுமக்களுக்கு, விறகுக்கூலி கொடுத்துத் தாமே சமைத்து உறங்கும் எளிய மனைகள். இம்மூவகை மனைகளையும் சுமாகோவில் இன்றும் காணலாம். ஊரின் ஒருபுறத்தில் தெரு திடீரென இருமுறை செங்கோணமாக மடங்குகின்றது. பகைவர் நேரே பாய்ந்து ஊருக்குள் நுழையாதபடி அக்காலத்தார் செய்த தந்திரம் அது. இன்னோரிடத்தில் அரசாங்கத்தின் ஆணைகளை எழுதித் தொங்கவிட்ட அறிவிப்புப் பலகை மேடை நிற்கின்றது. செய்யத்தகாதவை எவை, மீறினால் வரும் தண்டனை யாது என்பவற்றை வழிப்போக்கரும் ஊராரும் அங்கே படித்தறிந்தனர்.

வீடுகளின் அமைப்பும் நோக்கத்தக்கது. பெரும்பாலானவை இரண்டு தட்டுக்கள் கொண்ட மரவீடுகள். மேற்றட்டு கீழ்த்தட்டைவிடச் சற்றே முன்னே நீண்டு தெருவை எட்டிப்பார்ப்பதுபோல் நிற்கும். முகப்பில் மெல்லிய செங்குத்துச் சட்டங்களாலான மரக்கிராதி. வீட்டுக்குள் இருப்போர் தெருவைக் காண்பர். தெருவிற் செல்வோர் வீட்டுக்குள் இருப்பதைத் தெளிவாகக் காணார். பண்டைக் காலத்திற் கூரைகள் மெல்லிய மரப்பலகைகளால் வேயப்பட்டு, காற்றில் எழும்பாதவாறு மேலே கற்கள் பாரமாக வைக்கப்பட்டிருந்தன. சில வீடுகளின் பக்கங்களில், அயல்வீட்டில் தீப்பற்றினால் அது தாவாமல் தடுப்பதற்கென உயர்த்திய சிறு சுவர்களும் உண்டு. வீட்டின் நடுவே தரையில் அமைந்த கணப்பில் எரியும் விறகின் புகை மேலெழுந்து உத்திரங்களையும் வளைகளையும் கருமையாக்கும். அப்புகையே பூச்சிகளையும் ஈரத்தையும் அகற்றி மரத்தை நெடுங்காலம் காப்பது.

இவ்வளவும் மரத்தால் ஆன ஊர், மரம் நிறைந்த காட்டின் நடுவே உள்ள ஊர். ஆதலின் வேண்டிய மரத்தை வெட்டி வீடு கட்டிக்கொள்வதில் ஊராருக்கு என்ன குறை இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறாயிருந்தது. கிசோவின் காடுகள் 1615 ஆம் ஆண்டு முதல் ஓவாரிச் சிற்றரசின் உடைமையாயின. அக்காடுகளின் தலையாய செல்வம் ஹினோக்கி என்னும் மரம். நேராக வளர்வதும், நறுமணம் வீசுவதும், நீரிலும் எளிதில் உளுக்காததுமான அம்மரத்தின் பெருமைக்கு, 1,300 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் ஹோரியூஜி என்னும் பௌத்த ஆலயமே சான்று. ஈசே பெருங்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுதல் யப்பானியர் மரபு. அதற்குரிய மரமும் கிசோ காடுகளிலிருந்து செல்வதுண்டு. கோட்டைகளுக்கும் நகரங்களுக்குமாக 17ஆம் நூற்றாண்டில் மரங்கள் அளவின்றி வெட்டப்பட்டன. மலைகள் மொட்டையாகும் நிலை வந்ததும் ஓவாரி அரசு விழித்துக்கொண்டது. 1665 ஆம் ஆண்டு முதல் மலைகளிற் பல அடைக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹினோக்கி, சவாரா, அசுனரோ, கோயாமக்கி, நெசுக்கோ ஆகிய ஐவகை மரங்களையும் மக்கள் வெட்டுவது தடைசெய்யப்பட்டது. ஒரு ஹினோக்கி மரத்துக்கு ஒரு தலை என்பது அந்நாளைய வழக்குமொழி. மரத்தை வெட்டியவன் தன் தலையை இழப்பான் என்பது அதன் கருத்து.

இன்று கிசோவின் எழில் எனப் போற்றப்படும் அடர்ந்த காடுகள் எஞ்சியமைக்கு இக்கொடிய சட்டமும் ஒரு காரணம் என்பதை மறுத்தல் இயலாது. எனினும், அதன் விலையைக் கொடுத்தவர்கள், வாயிலுக்கு எதிரே காடு நிற்கவும் அதிலிருந்து ஒரு தூணையும் எடுக்கமுடியாத மலைக்குடிகளே. கண்டிப்பான சட்டத்துக்குட்பட்டுக் கிடைத்த சிறு மரத்துண்டுகளை வைத்தே அவர்கள் தம் கைத்திறனை வளர்த்தனர். ஹினோக்கி மரத்தை மெல்லிய நாடாக்களாகச் சீவிப் பின்னும் தொப்பி, மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற தலையணியாக விளங்கியது. கடைச்சற் பட்டறையிற் கடைந்தெடுத்த கிண்ணங்களும் தட்டுகளும் நாகிசோவுக்குப் பெயர் தேடித்தந்தன. அக்கடைச்சல் வேலை 1980 ஆம் ஆண்டில் நாட்டின் மரபுக் கைப்பணிகளுள் ஒன்றாக அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்டது.

1868 ஆம் ஆண்டில் தொக்குகாவா ஆட்சி வீழ்ந்து மெய்ஜிச் சக்கரவர்த்தியின் புதிய ஆட்சி மலர்ந்தது. பழைய தடைகள் நீங்கின. சுமாகோவின் துணைத் தங்கல்மனைக்கு உரிய ஹயாஷி குடும்பத்தார், 1877 ஆம் ஆண்டில் ஹினோக்கி மரத்தாலேயே தம் மனையைப் புதிதாகக் கட்டியெழுப்பினர். ஒக்குயா எனப்படும் அம்மனையின் அகன்ற கூடமும் உயர்ந்த உத்திரங்களும் காண்போரை வியக்கவைப்பன. தலைமுறை தலைமுறையாகத் தொடமுடியாதிருந்த மரத்தால் வீடு கட்டும் உரிமை கிட்டியபொழுது உண்டான மகிழ்ச்சி, அம்மரவேலையின் தாராளத்திலே தெரிகின்றது எனலாம். 1880 ஆம் ஆண்டில் மெய்ஜிச் சக்கரவர்த்தி இம்மனையில் இளைப்பாறிச் சென்றார். 2001 ஆம் ஆண்டில் இது முக்கிய பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் புதிய ஆட்சி எல்லா நம்பிக்கைகளையும் நிறைவேற்றவில்லை. காடுகள் மக்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று கிசோ மக்கள் எதிர்பார்த்தனர். ஆனால் பெருங்காடுகள் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. 1889 ஆம் ஆண்டில் அரச குடும்பத்தின் உடைமையாயின. இந்த ஏமாற்றத்தை இலக்கியமாக்கியவர் ஷிமசாக்கி தோசோன். அவர் 1872 ஆம் ஆண்டில், மலைக்கணவாய்க்கு அப்பாலுள்ள மாகோமே என்னும் அடுத்த தங்கலிற் பிறந்தவர். அவருடைய தாயார் சுமாகோவின் தலைமைத் தங்கல்மனையிற் பிறந்தவர். தந்தையாரோ மாகோமேயின் தலைமைத் தங்கல்மனைக்கு உரியவர்; காட்டின் பயன் மக்களுக்கு வேண்டுமென முறையிட்டுப் பதவியை இழந்தவர்; இறுதியில் மனம் பேதலித்து அடைபட்ட நிலையில் இறந்தவர். அவரை மனத்திற்கொண்டே தோசோன் 'விடியலுக்கு முன்' என்னும் பெருநாவலை 1929 முதல் 1935 வரை எழுதினார். கிசோ வழியையும் அதன் மக்களையும் யப்பான் முழுவதும் அறியச் செய்தது அந்நூலே.

நாவல் வெளிவந்த காலத்தில் சுமாகோவின் சீர் குன்றியிருந்தது. பழைய வழித்தங்கல் முறை 1872 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. பின்னர் நடுநாட்டுப் புகையிரதப் பாதை கிசோ ஆற்றை ஒட்டி அமைக்கப்பட்டு 1911 ஆம் ஆண்டில் முழுமையடைந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒதுங்கியிருந்த சுமாகோவைப் புகையிரதம் அணுகவில்லை. சுமையாட்களுக்கும் குதிரைகளுக்கும் வேலை அற்றுப்போயிற்று. தலைமைத் தங்கல்மனை இடிக்கப்பட்டது. எஞ்சிய வீடுகளில் மக்கள் பட்டுப்புழு வளர்ப்பு, காட்டுவேலை, சிறு பயிர்ச்செய்கை ஆகியவற்றால் காலந்தள்ளினர். பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டப் பணமில்லாமையால் பழைய வீடுகள் அப்படியே நின்றன. வறுமையே அத்தெருவை அழியாமல் வைத்திருந்தது என்பது கசப்பான உண்மை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் யப்பான் கைத்தொழிலில் விரைந்து முன்னேறியது. மலையூர்களின் இளைஞர் நகரங்களை நாடிச் சென்றனர். 1960களில் சுமாகோவில் வெறுமையான வீடுகள் பெருகின, கூரைகள் சரிந்தன. ஊர் தானாகவே மறைந்துவிடும் என்ற நிலையில் ஊராரும் நகராட்சி அலுவலரும் ஒரு முடிவுக்கு வந்தனர். புதிய தொழிற்சாலை எதுவும் இம்மலையிடுக்குக்கு வரப்போவதில்லை. ஊரிடம் எஞ்சியிருப்பது இத்தெரு ஒன்றே. அதனைச் செப்பனிட்டால் ஊரும் பிழைக்கும் என்பதே அம்முடிவு. மெய்ஜி ஆட்சியின் நூற்றாண்டு நிறைவை ஒட்டி, நாகானோ மாகாணத்தின் உதவியுடன் 1968 ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. கட்டடக்கலை வரலாற்றில் வல்லுநரான தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓத்தா ஹிரோதாரோ வழிகாட்டினார். செல்வர் மனைகள் முதலில் எடுக்கப்படவில்லை. கோயிலின் அடிவாரத்திலிருந்த எளிய மக்களின் வீடுகளே முதலிற் செப்பனிடப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. மூன்றாண்டுகளுள் 20க்கு மேற்பட்ட வீடுகள் பழைய உருவைப் பெற்றன.

அதே 1968 ஆம் ஆண்டில் ஊரார் அனைவரும் சேர்ந்து சுமாகோவை நேசிப்போர் சங்கம் என்ற அமைப்பை உருவாக்கினர். தெரு செம்மையுறவே உல்லாசப் பிரயாணிகள் திரளத் தொடங்கினர். அவர்களைத் தொடர்ந்து பணமும் வந்தது. வெளியூர் முதலாளிகள் வீடுகளையும் நிலங்களையும் விலைபேச முன்வந்தனர். வறுமையில் நெடுநாள் வாடிய குடும்பங்களுக்கு அது எளிதிற் புறக்கணிக்கக்கூடிய ஆசையா? அவ்வேளையிலேதான் ஊரார் 1971 ஆம் ஆண்டில் ஒரு சாசனத்தை வகுத்தனர். வீட்டையோ நிலத்தையோ மலையையோ விற்பதில்லை, வாடகைக்குக் கொடுப்பதில்லை, இடிப்பதில்லை என்பன அதன் மூன்று உறுதிமொழிகள். அரசாங்கம் விதித்த கட்டளை அன்று அது. தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட மக்களின் ஒப்பந்தம். மரத்துக்குத் தலை என்று மேலிருந்து வந்த பழைய சட்டத்தையும், ஊர்ச்சபையிற் கூடி உருவாக்கிய இப்புதிய உறுதிமொழியையும் ஒப்புநோக்குவோர்க்கு, காத்தல் என்னும் ஒரே செயல் இரு காலங்களிலும் எத்துணை வேறுபட்ட பொருளைப் பெற்றது என்பது விளங்கும்.

சுமாகோவின் முயற்சி நாட்டின் சட்டத்தையே மாற்றத் துணைநின்றது. அதுவரை தனிக்கோயிலோ தனிமாளிகையோ மட்டுமே பண்பாட்டுச் சொத்தாகக் கருதப்பட்டது. 1975 ஆம் ஆண்டில் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, பழைய வீடுகளின் தொகுதி முழுவதையும் ஒன்றாகக் காக்க வழிசெய்யப்பட்டது. 1976 ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு இடங்களுள் சுமாகோவும் ஒன்று. இன்று அத்தகைய இடங்கள் 120க்கு மேற்பட்டனவாகப் பெருகியுள்ளன.

சுமாகோவின் தனிச்சிறப்பு அதன் பாதுகாப்பு எல்லையிலே இருக்கின்றது. தெருவின் நீளம் ஒரு கிலோமீற்றரளவுகூட இல்லை. ஆனால் காக்கப்படும் நிலப்பரப்போ 1,245 ஹெக்டேயர். தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாற் கண்ணுக்குத் தெரியும் மலைகள், வயல்கள், பழைய பாதை, பாதையோரத்துக் குடிகள் ஆகிய யாவும் அந்த எல்லைக்குள் அடங்கும். மலைச்சரிவிலே பெருங்கட்டடம் ஒன்று எழுந்துவிட்டால், கீழே நூறு வீடுகளைப் பழுதறக் காத்தும் பயனில்லை என்பதை ஊரார் உணர்ந்திருந்தனர். மலையையும் மனையையும் ஒரே பொருளாகக் கருதிய அவ்வுணர்வே சுமாகோவைப் பிற பழைய தெருக்களிலிருந்து வேறுபடுத்துவது.

தெருவிலிருந்து தெற்கே மாகோமேவரை செல்லும் எட்டுக் கிலோமீற்றர் பழைய பாதையில் நடப்போர் இதனை நேரிற் காண்பர். பாதை வயல்களைக் கடந்து காட்டுக்குள் நுழைகின்றது. ஆண் அருவி, பெண் அருவி எனப் பெயர்பெற்ற இரு நீர்வீழ்ச்சிகள் அடுத்தடுத்து வீழ்கின்றன. நெடிதுயர்ந்த மரங்களின் நிழலில் ஓரிடத்தே பழைய தேநீர்மனை ஒன்று உண்டு. அங்கே ஊரார் வழிநடைப்போருக்கு விலை கொள்ளாமல் தேநீர் வழங்குவர். கரடிகளை அச்சுறுத்தி விலக்குவதற்காக ஆங்காங்கே மணிகள் தொங்குகின்றன; நடப்போர் அவற்றை அடித்துவிட்டுச் செல்வர். சுமார் 800 மீற்றர் உயரத்திலுள்ள கணவாயைக் கடந்தால் மாகோமே. நாகானோ மாகாணத்திலிருந்த மாகோமே, 2005 ஆம் ஆண்டில் அயலிலுள்ள கிஃபு மாகாணத்துடன் இணைந்தது.

இயற்கையை எழிலென்று மட்டும் கருதினால் அம்மலைமக்களின் வாழ்வைப் பாதியளவே அறிந்தவராவோம். நாகிசோவின் மலைகள் செங்குத்தானவை. பெருமழை பெய்தால் ஓடைகள் வழியே கல்லும் மண்ணும் மரமும் கலந்த சேற்றுப் பெருக்கு இடியோசையுடன் இறங்கும். பாம்பு வெளிப்பட்டது என்று ஊரார் அதனைக் கூறுவர். மலைக்குள் சுருண்டுகிடந்த பாம்பு சீறிப் பாய்வதுபோல் அது வருமாம். 1953 ஆம் ஆண்டில் அத்தகைய பெருக்கு உயிர்களைப் பலிகொண்டது. 2014 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலும் அது மீண்டும் நிகழ்ந்து, ஒரு சிறுவனின் உயிரைக் கவர்ந்தது. புகையிரதப் பாலம் ஒன்றையும் அடித்துச் சென்றது. இவ்வழிவின் அடையாளங்களை முன்னோர் அறிந்து வைத்திருந்தனர். நெடுமழைக்குப் பின் ஓடையின் நீர் திடீரென நின்றுவிட்டால் ஓடவேண்டும். தீய்ந்த மணம் வீசினால் ஓடவேண்டும். மலைமுகட்டின் நுனியிலும் பள்ளத்தாக்கின் வாயிலும் வீடு கட்டலாகாது. இவ்வறிவுரைகளைக் கல்லில் எழுதி நாட்டியிருக்கின்றனர். பழமையைக் காத்தல் என்பது வீட்டு முகப்பைக் காப்பதோடு முடிவதன்று என்பதற்கு அக்கல்லும் சாட்சி.

புதிதாய் வந்ததும் ஒருநாள் பழமையாகிக் காக்கத்தக்கதாகும் என்பதற்கும் நாகிசோவில் எடுத்துக்காட்டு உண்டு. கிசோ ஆற்றின் வேகத்தை மின்சாரமாக்க முனைந்த தொழிலதிபர் ஃபுக்குசாவா மொமொசுகே, நீர்மின் நிலைய வேலைக்காக 1922 ஆம் ஆண்டில் ஆற்றின் குறுக்கே 247 மீற்றர் நீளமான தொங்குபாலம் ஒன்றை மரத்தட்டுடன் அமைத்தார். அக்காலத்தில் அது மலையூருக்குள் நுழைந்த யந்திர யுகத்தின் சின்னம். பின்னர் அது சிதைந்து கைவிடப்பட்டது. ஊரார் அதனை இடித்துவிடாது 1993 ஆம் ஆண்டிற் புதுப்பித்தனர். அடுத்த ஆண்டில் அதுவும் முக்கிய பண்பாட்டுச் சொத்தாயிற்று. இடிக்கப்பட்டுப்போன தலைமைத் தங்கல்மனையும் பழைய வரைபடத்தின் துணைகொண்டு 1995 ஆம் ஆண்டில் மீண்டும் எழுப்பப்பட்டது.

காண வருவோர்க்கு இவை யாவும் இன்பம். அங்கு வாழ்வோர்க்கோ நாள்தோறும் ஒரு கட்டுப்பாடு. வீட்டின் முகப்பிற் சிறு மாற்றம் செய்வதாயினும் சங்கத்தின் குழுவிடம் அனுமதி கேட்கவேண்டும். மின்கம்பங்கள் வீடுகளின் பின்புறத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. பகல்வேளையில் மோட்டார் வண்டிகள் பழைய தெருவில் ஓடலாகாது. மரவீடுகளாதலின் ஒரு தீப்பொறியும் ஊரையே அழித்துவிடும். எனவே தீ விழிப்பு அனைவர்க்கும் பொதுக்கடமை. ஆண்டுதோறும் நவம்பர் 23 ஆம் திகதி ஊரார் பண்டைய வழிப்போக்கர் போலவும் சுமையாட்கள் போலவும் உடைதரித்துத் தெருவில் ஊர்வலம் செல்வர். அன்றைய தினம் தெரு திருவிழாக்கோலம் பூணும். ஊர்வலம் முடிந்ததும் அவர்கள் உடையை மாற்றிக்கொண்டு தம் கடைக்கோ வயலுக்கோ திரும்புவர். காட்சிச்சாலையில் வைத்த பொம்மைகள் அல்லர் அவர்கள் என்பதை அது நினைவூட்டும்.

இன்று சுமாகோ புதியதொரு சோதனையின் முன் நிற்கின்றது. 1971 ஆம் ஆண்டிற் சாசனம் வகுத்தோர் முதியோராயினர், பலர் மறைந்தனர். குழந்தைகள் குறைகின்றனர். விற்பதில்லை, வாடகைக்குக் கொடுப்பதில்லை என்ற உறுதிமொழி, வெளியார் பணத்திலிருந்து ஊரைக் காத்த வேலியாக விளங்கியது. ஆனால் உரியவரின் பிள்ளைகள் நகரத்திற் குடியேறிவிட்ட வீட்டுக்கு அவ்வேலி என்ன செய்யும்? பூட்டிய வீட்டிற் கணப்பு எரியாது. புகை எழாத உத்திரத்தைப் பூச்சி அரிக்கும். உறுதிமொழியைத் தளர்த்தினால் தெரு வணிகர் கைக்குப் போகலாம். தளர்த்தாவிடின் தெருவில் விளக்கேற்ற ஆளில்லாது போகலாம். உலகின் பல நாடுகளிலிருந்தும் வழிநடைப்போர் வந்து குவியும் ஓர் ஊரில், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தோர் அருகிவருவது விந்தையான துயரம்.

இவ்வினாவுக்கு வெளியிலிருந்து விடை கூறுதல் எளிது, முறையன்று. அரை நூற்றாண்டுக்கு முன் சுமாகோ மக்களே கூடிப்பேசி முடிவு கண்டனர். இன்றும் அவர்களே காணவேண்டும். பிறர் அவர்களிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு பழைய தெருவைக் காப்பாற்றப் பணமும் சட்டமும் அறிஞர் துணையும் வேண்டும். அவற்றுக்கும் முன்னே, அத்தெருவிற் காலையில் எழுந்து கிராதிக் கதவைத் திறந்து எதிரே நிற்கும் மலையை நோக்கும் மனிதர் வேண்டும். ஒக்குயாவின் கூடத்தில் இன்றும் கணப்பிலே தீ மூட்டப்படுகின்றது. அதன் புகை, 1877 ஆம் ஆண்டில் நிறுத்திய உத்திரங்களின்மேற் படிந்து அவற்றைக் காத்துக்கொண்டிருக்கின்றது. நாள்தோறும் விறகு எடுத்துவந்து அத்தீயை மூட்டும் கை உள்ளவரை சுமாகோ ஊராகவே இருக்கும்.